500 வேலை வருகிறது. நமது பஜாருக்கு என்ன வரும்?

தொழிற்சாலை வருவதற்கு முன்பே அதன் செய்தி வந்துவிடுகிறது. "இன்ன பிரதேசத்தில் இன்ன கம்பனி தனது அடுத்த கிளையைத் திறக்கிறது. 500 பேருக்கு வேலைவாய்ப்பு. அரசாங்கம் காணியும் வரிச் சலுகையும் வழங்குகிறது." அமைச்சர் அடிக்கல் நாட்டும் படம் வெளியாகி ஒரு வாரத்துக்குள் பிரதான வீதியோரக் காணியின் விலை ஏறுகிறது. ஒரு மாதத்துக்குள் யாரோ ஒருவர் கடன் எடுத்து மேல்மாடி கட்டத் தொடங்குகிறார்.

வேலை வருவது நல்ல விடயம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இத்தகைய அறிவிப்பை வேலை தேடுபவர் வாசிப்பது போல வியாபாரி வாசிக்கக் கூடாது. வேலை தேடுபவருக்கு 500 என்ற இலக்கம் போதும். நமக்கோ அரசாங்கம் என்ன சலுகை கொடுக்கிறது, அது எப்போது முடிகிறது, அந்தச் சம்பளம் எந்தச் சந்தியில் செலவாகப் போகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். நமது நாட்டில் இதற்கு மிகப் பெரிய பாடம் ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது.

இருநூறு தொழிற்சாலைகள்

1978ஆம் ஆண்டு பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டு, கட்டுநாயக்கவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. பின்னர் பியகம, கொக்கல என வலயங்கள் வந்தன. வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் தூரக் கிராமங்களின் இளம்பெண்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்பதால், கட்டுநாயக்க, சீதுவைப் பகுதிகளில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள் நன்றாக உழைத்தார்கள்.

1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். பொருளாதார ஆணைக்குழு இலங்கை முதலீட்டுச் சபையாக மாறியதும் அதே ஆண்டில்தான். பெண்பிள்ளைகள் கட்டுநாயக்கவுக்குப் போவதற்குப் பதிலாகத் தொழிற்சாலை அவர்களுடைய பிரதேசத்துக்கே வர வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். ஒரு தொழிற்சாலைக்கு 500 பேர் வீதம் ஒரு இலட்சம் வேலை என்று கணக்கிட்டார்கள். ஜனசவிய உதவி பெறும் வறிய குடும்பங்களுக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டது.

கொழும்பைச் சுற்றி நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்பனிகள் எதற்காகக் குறுக்கு வீதிகளில் நுழைந்து கிராமத்தில் கிளை திறந்தன? வரி விடுமுறையும் தீர்வையற்ற இறக்குமதியும் ஒரு காரணம். அவற்றைவிடப் பெரிய இழுப்பு கோட்டா. அந்தக் காலத்தில் அமெரிக்கா போன்ற நாடுகள், ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எந்த வகை ஆடை எத்தனை வாங்கலாம் என்று வரையறை வைத்திருந்தன. இலங்கைக்குக் கிடைத்த பங்கை நமது அரசாங்கம் தொழிற்சாலைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. கோட்டா கையில் இருந்தால் ஓர்டர் தானாக வரும். கிராமத்துக்குப் போகிறவனுக்கு அந்தக் கோட்டாவில் கூடுதல் பங்கு என்று அரசாங்கம் சொன்னது. கஷ்டப் பிரதேசமானால் சலுகை இன்னும் கூடியது.

அதாவது அந்தக் கம்பனிகள் பலவற்றை நமது கிராமத்துக்குக் கொண்டுவந்தது ஒரு காகிதம். காகிதத்துக்குக் காலாவதித் திகதி உண்டு.

1995இல் உலக வர்த்தக நிறுவனத்தின் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதே, கோட்டா முறை பத்து ஆண்டுகளில் படிப்படியாக நீங்கும் என்று எழுதிவிட்டார்கள். 2005 ஜனவரி 1ஆம் திகதி அது முற்றாக நீங்கியது. இதில் இரகசியம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் எங்கள் குருநாகல் மாவட்டத்தில் 2003, 2004ஆம் ஆண்டுகளில்கூட ஆடைத் தொழிற்சாலையின் வாயிலைப் பார்த்துக் கடை கட்டியவர்கள் இருந்தார்கள்.

பின்னர் நடந்ததை இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆடைத் தொழில் வீழ்ந்துவிடவில்லை. 2004இல் சுமார் 280 கோடி அமெரிக்க டொலராக இருந்த ஏற்றுமதி 2018இல் 500 கோடி டொலரைத் தாண்டியது. பெரிய கம்பனிகள் மேலும் பெரிதாகின. போர் முடிந்த பின் எம்.ஏ.எஸ். போன்ற நிறுவனங்கள் கிளிநொச்சி வரை போய்த் தொழிற்சாலை திறந்தன. மூடப்பட்டவை சிறியவை, கோட்டாவை மட்டும் நம்பி நின்றவை, துறைமுகத்துக்குத் தூரமானவை. நாட்டின் கணக்கில் அது வளர்ச்சி. மூடிய தொழிற்சாலைக்கு எதிரே கடை வைத்திருந்தவருக்கு அந்த வளர்ச்சியால் ஒரு சதமும் வரவில்லை.

பன்னிரண்டு அறைகள்

எங்கள் ஊருக்கு அருகிலும் அந்தத் திட்டத்தின் கீழ் 1993இல் ஒரு தொழிற்சாலை வந்தது. நான் அப்போது வாப்பாவின் கடையில் நின்றேன். எனக்கு மச்சான் முறையான ஒருவர் சீதுவையில் பார்த்துவிட்டு வந்து, வங்கிக் கடனில் பன்னிரண்டு அறைகள் கொண்ட போர்டிங் கட்டினார். நல்ல மனிதர், உழைப்பாளி. கட்டடத்திலும் குறை இல்லை. ஆனால் அறைகள் ஒருபோதும் முழுதாக நிறையவில்லை. நிறைந்த மாதங்களில் ஐந்து அறைகளில் ஆள் இருக்கும்.

காரணம் திட்டத்தின் நோக்கத்திலேயே இருந்தது. பெண்பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்தே வேலைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் தொழிற்சாலையைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஏன் வாடகை அறை? காலையில் கம்பனி பஸ் கிராமத்துச் சந்தியில் ஏற்றி, மாலையில் அதே சந்தியில் இறக்கிவிடும். பஸ் நமது பஜாரை ஊடறுத்துத்தான் போகும், ஆனால் நிற்காது. சந்தியில் பெட்டிக்கடை வைத்திருந்த சிங்களப் பெண்மணி இரண்டு ஆண்டுகளில் கடையை இரண்டு மடங்காக்கினார். பஜாரில் இருந்த நாங்கள் சம்பளம் போட்ட பின் வரும் சனிக்கிழமைக்குக் காத்திருந்தோம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வேலைக்கு வரப்போகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது. வெளியூரிலிருந்து வந்தால் அறை, சாப்பாடு, சவர்க்காரம் எல்லாம் விற்கும். ஆனால் சம்பளத்தின் பெரும் பகுதி ஊருக்குப் போய்விடும். உள்ளூரிலிருந்து வந்தால் சம்பளம் பிரதேசத்துக்குள்ளேயே நிற்கும், பால்மாவும் பாடசாலைக் கொப்பியும் சீமெந்தும் விற்கும். ஆனால் அறை வாடகைக்குப் போகாது. இரண்டு வகைக்கும் ஒரே கடை பொருந்தாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு, ஒருவரின் கைக்கு மாதம் 40,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 பேருக்கு அது 2 கோடி ரூபாய். இந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது.

ஆனால் 500 பேரும் முதல் நாளில் வருவதில்லை. முதலில் பயிற்சிக்கு 100 பேர் வருவார்கள், ஒரு லைன், பிறகு இன்னொரு லைன் என்று கூடும். முழு ஆள்பலம் சேர ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் போகும். அதற்குள் சேர்ந்தவர்களில் ஒரு பகுதி விலகிவிடும். மதிய உணவு கம்பனி கேன்டீனில் என்றால் நமது சாப்பாட்டுக் கடைக்கு அந்தப் பணம் வராது. தோடு, மாலை அடகில் இருந்தால் அதற்கு ஒரு பங்கு, சீட்டுக்கு ஒரு பங்கு, தவணைக்கு எடுத்த தொலைபேசிக்கு ஒரு பங்கு. நமது பஜாரில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து அந்த 2 கோடியில் நாலில் ஒன்று வந்தால் பெரிய காரியம். அதுவும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிய சில நாட்களில் வந்து முடிந்துவிடும். மாதம் முழுவதும் கடையில் சரக்கைக் குவித்து வைத்திருப்பவரின் முதல் அதில் முடங்கும்.

வாப்பா இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டதில்லை. அவருடைய முறை வேறு. தொழிற்சாலை ஊழியருக்குச் சம்பளத்திலிருந்து சம்பளம் வரை மட்டும் கடன், ஒரு மாதக் கணக்கு மூடப்படாமல் அடுத்த மாதக் கணக்கு திறக்கப்படாது. இரவு எட்டு மணிக்குப் பின் தொழிற்சாலையில் விளக்கு எரிகிறதா, வாரத்துக்கு எத்தனை கொன்டெய்னர் வெளியே போகிறது என்றும் பார்ப்பார். ஓவர்டைம் குறைந்தால் அடுத்த மாதம் விற்பனை குறையும் என்பது அவருக்குத் தெரியும். 2004இன் கடைசிப் பகுதியில் அந்த விளக்குகள் ஆறு மணிக்கே அணையத் தொடங்கியபோது, பெருநாளைக்குப் பின் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. எங்களுக்கு நின்ற பாக்கி ஒரு சிறிய தொகை. பக்கத்துக் கடைக் காக்காவின் கடன் கொப்பியில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் நட்டப்பட்டவர்கள். தொழிற்சாலை மூடினால் ஊழியருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். 1971ஆம் ஆண்டு வேலைநீக்கச் சட்டத்தின் கீழ் நட்டஈடும் கேட்கலாம். எதிரே கடை வைத்திருப்பவருக்கும் அறை கட்டியவருக்கும் எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. அவருக்கும் கம்பனிக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் கிடையாதே.

அமெரிக்காவிலும் இதே கதை

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2017இல் தாய்வானின் பொக்ஸ்கொன் கம்பனி 1,000 கோடி டொலர் முதலீடு, 13,000 வேலை என்று அறிவித்தது. மாநில அரசு சுமார் 300 கோடி டொலர் சலுகை தருவதாக ஒப்புக்கொண்டது. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது வேலைகள் 1,454 ஆகவும், சலுகை 8 கோடி டொலராகவும் சுருங்கின.

மாநில அரசு புத்திசாலித்தனமாக ஒன்று செய்திருந்தது. ஆளை வேலைக்கு எடுத்துக் காட்டினால்தான் பணம் என்று எழுதி வைத்திருந்தது. அதனால் அதன் பெரும் பணம் தப்பியது. ஆனால் தொழிற்சாலை அமைய இருந்த மவுண்ட் பிளசன்ட் என்ற சிறிய ஊராட்சி, காணி வாங்கவும் வீதி, நீர் வசதிகளுக்கும் முன்கூட்டியே பெருந்தொகைக் கடன் எடுத்துச் செலவழித்துவிட்டது. பின்னர் 2023இல் மைக்ரோசொப்ட் தரவு மையம் அமைக்க அங்கு காணி வாங்கியதால் அந்த ஊருக்கு மூச்சு வந்தது. மாநில அரசு வேலையைக் கண்ட பின் பணம் கொடுக்க இருந்தது, ஊராட்சி வேலையைக் காணும் முன் பணம் போட்டது. எங்கள் மச்சானின் பன்னிரண்டு அறைகளும் அந்த ஊராட்சியின் வகைதான். அவருக்கு மைக்ரோசொப்ட் வரவில்லை.

இன்றைய சலுகைகள் எதில் தொங்குகின்றன?

கோட்டா போன பின் அதன் இடத்துக்கு வேறு காகிதங்கள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை 2005இல் கிடைத்தது, 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது, 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. 27 சர்வதேச சமவாயங்களை நாடு கடைப்பிடிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே நமது ஊர்த் தொழிற்சாலையின் ஓர்டர், கொழும்பில் இயற்றப்படும் ஒரு சட்டத்தாலும் பாதிக்கப்படலாம். அச்சலுகைக்கு அடிப்படையான ஐரோப்பிய ஒழுங்குவிதி 2023 இறுதியில் முடிய இருந்து, 2027 இறுதி வரை நீடிக்கப்பட்டது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் நமது பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதத்துக்குக் கொண்டுவந்தது. அந்த நான்கு மாதங்களில் எத்தனை முதலாளிகள் தூங்கியிருப்பார்கள்?

உள்நாட்டுச் சலுகையின் தன்மையும் மாறியிருக்கிறது. முன்னர் வரி விடுமுறை பிரதானமாக இருந்தது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உள்நாட்டு இறைவரிச் சட்டம், முதலீட்டுத் தொகைக்கு ஏற்ப வரியில் கழிவு கொடுக்கும் முறையை முன்னுக்குக் கொண்டுவந்தது. இது இயந்திரத்தில் போடும் பணத்துக்குக் கிடைக்கும் சலுகை. 500 பேருக்குப் பதிலாக 200 பேருடன் ஓடக்கூடிய இயந்திரத்தைக் கொண்டுவந்தாலும் இந்தக் கழிவு குறையாது. பத்திரிகையில் வரும் முதலீட்டுத் தொகையையும் வேலை எண்ணிக்கையையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நமக்கு எங்கே இடம் இருக்கிறது?

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தொழிற்சாலையால் உயர்ந்த வியாபாரிகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஊழியருக்கு விற்றவர்களைவிடக் கம்பனிக்கு விற்றவர்கள் அதிகம் உயர்ந்தார்கள் என்பது என் அவதானம். பஸ் ஒப்பந்தம், கேன்டீனுக்கு மரக்கறியும் மீனும் கோழியும், பொயிலருக்கு விறகு, காட்போட் பெட்டி, தண்ணீர் பவுசர், கட்டடத் திருத்த வேலை. இவற்றில் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும், மாதாந்தக் கணக்கு இருக்கும்.

ஆனால் இதற்குத் தயாராக வேண்டும். பெரிய கம்பனி கைக்காசு கொடுக்காது. 45 நாள், 60 நாள், சில இடங்களில் 90 நாள் கழித்துத்தான் காசோலை வரும். இரண்டு மாதச் சரக்கைச் சொந்த முதலில் தாங்க முடியாதவர் முதல் ஓர்டரிலேயே மூச்சுத் திணறுவார். பில் புத்தகம், வியாபாரப் பதிவு, வரிப் பதிவு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஏற்றுமதிக் கம்பனிகளுக்கு வழங்குவோருக்கு 2011 முதல் இருந்த எஸ்.வீ.ஏ.டி. என்ற இலகுபடுத்தப்பட்ட பெறுமதி சேர் வரி முறை 2025 ஒக்டோபர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. வரிக்குப் பதிவு செய்தவர்கள் இந்த மாற்றத்தைத் தமது கணக்காளரிடம் கேட்டு, விலை கொடுக்கும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும்.

புடவை வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெட்டுத் துண்டு, மீதித் துணி வியாபாரம் நம்மவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தத் துணி தீர்வை செலுத்தாமல் ஏற்றுமதிக்கென்று இறக்கப்பட்டது. முதலீட்டுச் சபை, சுங்கத் திணைக்கள அனுமதியுடன், உரிய தீர்வை கட்டப்பட்டு வந்தால் வாங்கலாம். பின்கதவால் மலிவாக வந்தால் சரக்கு மட்டுமல்ல, ஏற்றிய லொறியும் போகும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், பலருக்குக் கசக்கும். தொழிற்சாலை வந்தால் முதலில் காலியாவது நமது கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் இடம். அங்கே ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதமும் கட்டுகிறார்கள். நமது கடைகளில் எத்தனை இடத்தில் கட்டப்படுகிறது? "வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம்" என்பது தொழில் திணைக்கள அதிகாரியிடம் செல்லாது. தாமதித்த தொகைக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. 500 வேலை வரும் பிரதேசத்தில் நல்ல பிள்ளையைக் கடையில் தக்கவைக்க வேண்டுமானால், கம்பனி கொடுப்பதில் சிலவற்றையாவது நாமும் கொடுக்க வேண்டியிருக்கும். இதைச் செலவாகப் பார்ப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது ஆளுக்கு விலைப்பட்டியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கென்று முதலீட்டுச் சபையின் வலயம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அங்குள்ள வர்த்தகர்கள் சிலர் என்னிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். துணி உற்பத்திக்கு நாட்டில் தேவை இருக்கிறது. ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையைப் பெற, தைப்பது மட்டும் போதாது, பொதுவாகத் துணியும் உள்நாட்டிலோ அனுமதிக்கப்பட்ட பிராந்திய நாட்டிலோ நெய்யப்பட்டிருக்க வேண்டும். ஆகவே இது வெறும் கோட்டாக் காகிதத்தில் நிற்கும் தொழில் அல்ல. ஆனால் நெசவும் சாயமிடலும் தையலைப் போல ஆள் நிறைந்த தொழில் அல்ல. அதற்கு இயந்திரம் அதிகம், தண்ணீர் அதிகம், மின்சாரம் அதிகம், ஆள் குறைவு. தையல் தொழிற்சாலையை மனதில் வைத்து அங்கே போர்டிங்கும் பென்சிக் கடையும் திட்டமிடுபவர்கள் ஒரு முறை நிதானிக்க வேண்டும். இயந்திர உதிரிப்பாகம், மின்வேலை, பாரவூர்திப் போக்குவரத்து, கழிவு அகற்றல் ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள் இப்போதே விசாரிக்கலாம். எந்தக் கம்பனிகளுக்குக் காணி ஒதுக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் கடலுக்குப் போகும் குழாய் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்திலும் முதலீட்டுச் சபையிலும் கேளுங்கள். குழாய் வேலை முடியாமல் சாயத் தொழிற்சாலை ஓடாது.